அத்தை சொல்லிவிட்ட சேதிகள்

ஏற்காட்டுப் பக்கம் எங்கள் ஊர் என்று சொன்னால் போதும், கேட்பவர்களின் முகம் மலர்ந்துவிடும். கொடுத்து வைத்தவர்கள், வருஷம் முழுக்கக் குளுகுளுவென்று இருக்கலாமே என்பார்கள். நானும் தலையாட்டி வைப்பேன். குளிர் இருப்பது உண்மைதான். சிக்கலான பிரசவம் என்றால் மலையிறங்கிச் சேலத்துக்குப் போக வேண்டும் என்பதும் உண்மை. அதை யாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

நான் நாலாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறை அது. கொட்டச்சேட்டில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் வீடு. அப்பா ஒரு எஸ்டேட்டில் ஜீப் டிரைவர். அவருடைய ஒரே தங்கையான என் அத்தை, தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். சங்ககிரியில் லாரிப் பட்டறையில் வேலை பார்த்த மாமா, லீவு கிடைக்கும்போதெல்லாம் பைக்கில் வந்து பார்த்துவிட்டுப் போவார். அத்தைக்கு ரத்தக்கொதிப்பு இருந்தது. கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருக்கும். நான் விரலால் அழுத்திக் குழி விழுவதைப் பார்த்து ரசித்துக்கொண்டிருப்பேன். பிரசவம் கீழே பெரிய ஆஸ்பத்திரியில்தான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனால் நாள் இன்னும் இருந்தது. அந்த நம்பிக்கையில்தான் அம்மா அன்று தம்பியைத் தூக்கிக்கொண்டு சேலத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "அண்ணனக் கூப்புடு கண்ணு" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதனால் நான் நடந்தே போய் அப்பாவைக் கூப்பிட்டேன்.

அப்பா போனில் ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். அது வரும் வழியில் எங்கேயோ மாட்டிக்கொண்டு நிற்பதாக மறுபடி போன் வந்தது. சீசன் ஞாயிறுகளில் மத்தியானம் தாண்டிவிட்டால், மேலே வந்த அத்தனை வண்டிகளையும் எங்கள் குப்பனூர்ப் பாதை வழியாகத்தான் இறக்கிவிடுவார்கள். மற்ற நாட்களில் ஆடுகள் படுத்துக் கிடக்கும் ரோடு அது. எதிரே இன்னொரு வண்டி வந்தாலே ஒதுங்க இடம் தேட வேண்டும்.

"நின்னு பாத்துட்டு இருந்தா ஆவாது" என்று சொல்லி அப்பா எஸ்டேட் ஜீப்பை எடுத்தார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா அத்தையை அணைத்துப் பிடித்துப் பின்சீட்டில் ஏற்றினாள். என்னை யாரும் வரச் சொல்லவில்லை. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், விடவில்லை, அவ்வளவுதான். பிரித்துவிட நேரமில்லாமல் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

சில வளைவுகள் இறங்குவதற்குள் வண்டி நின்றுவிட்டது. முன்னால் கார்கள், வேன்கள், ஒரு டூரிஸ்ட் பஸ். பஸ் ஒரு வளைவில் திரும்ப முடியாமல் குறுக்கே நிற்கிறதாம். கோடை மழை தூறி ஓய்ந்திருந்தது. பனிமூட்டம் சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே மெல்ல இறங்கி ரோட்டுக்கு வந்தது. வண்டிகளில் இருந்தவர்கள் எல்லாம் இறங்கி அந்த மூட்டத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழந்தை வாயைத் திறந்து மூட்டத்தை விழுங்கிக் காட்டியது, அதன் அம்மா கைதட்டிச் சிரித்தாள். எங்கள் ஜீப்புக்குள் அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விட்டாள்.

அப்பா இறங்கி ஓடினார். "ஏனுங்க, வண்டியக் கொஞ்சம் ஓரங்கட்டுங்க! பிரசவத்துக்குப் போறமுங்க!" என்ற குரல் ஒவ்வொரு வண்டியாகத் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் வளைவுக்கு அப்பால் கரைந்தது. அப்பா யாரிடமும் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை. பக்கத்தில் ஒரு காரில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. பெரியம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு, "இரு சாமி, இந்தப் பசங்கள ஒரு வார்த்த கேட்டுட்டு வாரேன்" என்று அவளும் இறங்கிப்போனாள்.

நானும் அத்தையும் மட்டும் இருந்தோம். அவள் கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாளோ என்று பயந்து கையை அசைத்தேன். கண்ணைத் திறந்தாள்.

"கண்ணு, நாஞ் சொல்றத மறக்காமச் சொல்லுவியா?"

"சொல்றேன் அத்தை."

"எம் பெட்டில பச்சப் பட்டு இருக்குதுல்ல, அது உங்கம்மாவுக்குன்னு சொல்லு."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அது அத்தையின் கல்யாணப் புடவை. தொட்டுப் பார்க்கக்கூட விடமாட்டாள். அம்மா ஒருமுறை கட்டிக்கொள்ளக் கேட்டு, அத்தை இல்லையென்று சொல்லி, இரண்டு பேரும் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"பாப்பா நம்ம ஊட்டுலயே வளரட்டும். நீதான் நல்லாப் பாத்துக்கோணும்."

இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. படுக்க இடம் போதுமா என்றுதான் யோசனை. தம்பியைக் கட்டிலில் இருந்து இறக்கிவிட்டால் சரியாக இருக்கும்.

அடுத்த வலி வந்து போகும்வரை என் கையை நெரித்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"மாமாகிட்ட, தனியா இருக்க வேண்டாம்னு சொல்லு. நாஞ் சொன்னேன்னு சொல்லு. அப்பத்தான் கேப்பாங்க."

"சரி அத்தை."

அவ்வளவு வலியிலும் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குப் பயம் வந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். எனக்கு ஞாபக மறதி அதிகம். கடைக்குத் துவரம்பருப்புக்கு அனுப்பினால் உளுந்தோடு வருகிறவள் நான். பச்சைப் பட்டு, பாப்பா, தனியா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒன்று விட்டுப்போனாலும் அத்தை கோபித்துக்கொள்வாள் என்பதைத் தவிர அந்த ஜீப்பில் எனக்கு வேறு கவலை இல்லை.

அப்பா மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். ஆம்புலன்ஸ் அந்த பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறது, இந்தப் பக்கம் வர வழியில்லை. அவர் பின்னாலேயே நாலைந்து பையன்கள் வந்தார்கள். பாட்டு அலறிய காரில் இருந்தவர்கள்தான். பெரியம்மா என்ன கேட்டாளோ, ஒருவன் முகம் அழுதுவிடும்போல் இருந்தது. ஜீப்பில் காப்பிக்கொட்டை காயவைக்கும் தார்ப்பாய் கிடந்தது. அதை இரண்டாக மடித்து அத்தையைக் கிடத்தி, முனைகளைப் பிடித்துத் தூக்கினார்கள். கார்களுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடம்தான். பனிமூட்டத்தில் பள்ளம் தெரியவில்லை. "மெதுவா அண்ணா, மெதுவா" என்று ஒருவன் அப்பாவிடம் சொல்லிக்கொண்டே வந்தான். அப்பாவோ மெதுவாகப் போகிற மனிதராக அன்று இல்லை. போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள் போனை இறக்கிவிட்டு, கதவுகளோடு ஒட்டி நின்று வழிவிட்டார்கள். நான் பெரியம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி பச்சைப் பட்டு, பாப்பா, தனியா என்று பின்னால் ஓடினேன்.

ஜீப்பை அப்படியே விட்டால் வழி அடைத்துப்போகும் என்பதால் அப்பா மலையிலேயே நின்றுவிட்டார். ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும்போது அத்தையின் காலைத் தொட்டுக்கொண்டு, "அம்மிணி, ஒண்ணும் ஆவாது. நான் பின்னாலயே வாரேன்" என்றார். பிறகு ஜீப்பை நோக்கித் திரும்பி ஓடினார்.

சேலம் ஆஸ்பத்திரியில் அத்தையை நேராக உள்ளே கொண்டுபோனார்கள். பெரியம்மாவும் கூடவே போனாள். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அப்பா இரண்டு பேருக்கும் போனில் சொல்லியிருந்தார்; ஊருக்குப் பஸ் ஏறிவிட்டிருந்த அம்மாவுக்கு முன்னால் மாமாதான் வந்து சேர்ந்தார். பட்டறைக் கிரீஸ் கையோடு, ஒரு காலில் செருப்பு இல்லாமல்.

"அத்தை எங்க சாமி?"

கதவைக் காட்டினேன். உடனே, மறப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று ஆரம்பித்தேன். "மாமா, அத்தை சொல்லச் சொன்னாங்க. பாப்பா எங்க ஊட்டுலயே வளரட்டுமாம். நீங்க தனியா இருக்க வேண்டாமாம். அவங்களே சொன்னாங்கன்னு சொன்னா நீங்க கேப்பீங்களாம்."

மாமா என்னையே பார்த்தார். பிறகு சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து, கிரீஸ் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பெரியவர்கள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. ஏதோ மாற்றிச் சொல்லிவிட்டோமோ என்று ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்து நர்ஸ் வந்தார். "பொண்ணு பொறந்திருக்குதுங்க. அம்மாவும் நல்லா இருக்காங்க. பிரஷர் மட்டும் இறங்கோணும், அப்புறம் போய்ப் பாருங்க" என்றார். மாமா உட்கார்ந்தபடியே என்னை இழுத்து அணைத்துக்கொண்டு குலுங்கினார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

அத்தையைப் பெற்ற அன்றேதான் அப்பாவின் அம்மா இறந்துபோனார். அவரையும் இதே மலையிலிருந்து கட்டிலோடு சுமந்து இறக்கியிருக்கிறார்கள், அவர் பாதி வழிகூடத் தாண்டவில்லை. அன்று ஜீப்பில் இருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். அதனால்தான் அத்தை அவர்களிடம் எதையும் சொல்லவில்லை. இதெல்லாம் நான் பெரியவளான பிறகு அம்மா சொல்லித் தெரிந்துகொண்டது.

அப்போது தெரிந்ததெல்லாம், மாமா என்னை விடமாட்டேன் என்கிறார், அம்மா வராந்தாவின் கோடியில் ஓடி வந்துகொண்டிருக்கிறாள், அவளுக்குச் சொல்ல வேண்டிய புடவை என்ன நிறம் என்பது சுத்தமாக மறந்துவிட்டது என்பதுதான். மாமாவின் பிடிக்குள் நெளிந்துகொண்டு, அழுகையை அடக்கியபடி யோசித்துக்கொண்டிருந்தேன்.