பின்சீட்டு ஓரத்துக் காற்றுவழி

ஊரில் பாதி ஜன்னல்களின் அகலம் கர்ட்டன்காரருக்கு மனப்பாடம். இருபத்தாறு வருஷமாக அளவு நாடாவைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவர். ஒரு ஜன்னலை இரண்டு முறை நாடாவால் அளப்பார், மூன்றாவது முறை கண்ணால் அளப்பார். அவர் வெட்டிக் கொடுக்க, மனைவி தைப்பாள். முன்னால் ஒரு நீள மேசை, பின்னால் இரண்டு தையல் மெஷின், சுவர் நெடுகத் துணிச்சுருள்கள். கடை அவ்வளவுதான்.

வாய் மட்டும் அவருக்குக் கொஞ்சம் நீளம். பேச்சில் யாரையும் மடக்கிவிடுவார். மடக்கியதை அன்று சாயங்காலமே மனைவியிடம் குரல் மாற்றி நடித்துக் காட்டுவார். அவளும் மெஷினை மிதித்தபடியே சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் மனுஷன் வெளியே வம்பை விலைக்கு வாங்குகிறாரோ என்று பக்கத்துக் கடைக்காரர்களுக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அவரிடம் பழைய வேன் ஒன்று இருந்தது. ஒரு பக்கக் கதவு உள்ளேயிருந்துதான் திறக்கும், இன்னொரு பக்கக் கதவு வெளியேயிருந்துதான் திறக்கும். பெரிய குடியிருப்புகளின் காவலாளிகள் அதைக் கண்டதுமே பின்வாசல் பக்கம் கைகாட்டிவிடுவார்கள். பட்டுத் துணியைத் தோளில் சுமந்துகொண்டு குப்பைத்தொட்டி ஓரமாக நடந்து போவது அவருக்கு உள்ளூர உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு தடவையாவது முன்வாசல் வழியாகப் போக வேண்டும் என்று நினைப்பார். வெளியே சொன்னால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும் என்று சொன்னதில்லை.

ஒரு பள்ளிக்கூட நூலகத்துக்குத் திரை மாட்டப் போனபோதுதான் விலைக்கு வந்த ஒரு காரைப் பற்றித் தெரிய வந்தது. ஏணி மேல் நின்று கம்பியை முடுக்கிக்கொண்டிருந்தவரிடம் நூலகர் அம்மாள் கேட்டார், "உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது கார் தேடறாங்களா? எங்க வீட்ல ஒண்ணு சும்மாவே நிக்குது. அவரால இனிமே ஓட்ட முடியாது."

பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டுகிற ஹைப்ரிட் வண்டி. நான்கு கதவு, வெள்ளி நிறம், எட்டு வயது. அந்த ஞாயிற்றுக்கிழமையே மனைவியைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனார். நூலகரின் கணவர் பஸ் கம்பெனியில் நேர அட்டவணை போடுகிற வேலையில் இருந்தவர். இப்போது கண்ணின் நடுப்பகுதி மங்கிப்போய், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் தெரிகிற நோய்.

"உங்க மூஞ்சிய யாரோ ரப்பர் வச்சு அழிச்ச மாதிரி இருக்கு எனக்கு. வேற பக்கம் பாத்துப் பேசறேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, அவர் வண்டியைக் கையாலேயே சுற்றிக் காட்டினார். பானெட்டைத் தடவினார், டயரை அமுக்கினார். பின்கதவைத் திறந்து, குனிந்து, சீட்டின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்தார்.

"இங்க சல்லடை மாதிரி ஒண்ணு இருக்கு பாருங்க. பேட்டரி இது வழியாத்தான் மூச்சு விடுது. இதை மட்டும் எதையும் வச்சு மூடிடாதீங்க. மாசத்துக்கு ஒரு தடவை நான் தூசி எடுத்துடுவேன்."

"சரிங்க சார், சரிங்க சார்" என்றார் கர்ட்டன்காரர். அவர் அப்போது கதவின் பளபளப்பில் தன் முகம் எப்படித் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி கைக்கு வந்த முதல் நாள், எஞ்சின் சத்தமே இல்லாமல் தெருமுனைவரை போன பிறகும் மனைவி கேட்டாள், "ஏங்க, இன்னும் கெளப்பலையா?"

"நாம போயிட்டிருக்கோம்மா."

இருவரும் சிரித்த சிரிப்பில் அவர் பிரேக் போட்டு ஓரங்கட்ட வேண்டியதாயிற்று. அடுத்த நாள் ஒரு காவலாளி சலாம் வைத்து முன்வாசலைத் திறந்துவிட்டார். வேனை விற்றாகிவிட்டது. துணிக்கட்டுகளெல்லாம் பின்சீட்டில் ஏறின. வெல்வெட், லைனிங் துணி, மெல்லிய வலைத்துணி என்று கூரை முட்ட அடுக்கிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினார். பின்சீட்டு என்று ஒன்று இருப்பதே சில மாதங்களில் மறந்துபோனது.

ஏழாவது மாதம், வெயில் காலம். மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி திணறியது. முன்கண்ணாடிக்குக் கீழே மஞ்சள் முக்கோணம் ஒன்று எரிந்தது, நடுவில் ஆச்சரியக்குறி. வழியில் இருந்த ஒரு பணிமனையில் காட்டினார். அங்கிருந்தவர் எதையும் கழற்றவில்லை, கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்துவிட்டு, "பேட்டரி சூடேறுது. மாத்த வேண்டியிருக்கும்" என்றார்.

பேட்டரி என்ற சொல்லைக் கேட்டதும் கர்ட்டன்காரருக்கு மண்டைக்குள் ஜிவ்வென்று ஏறியது. ஏமாந்துவிட்டோம் என்பதைவிட, ஊரையே அளக்கிற தன்னை ஒருவர் அளந்துவிட்டார் என்பதுதான் சுட்டது. வண்டியை நேரே பள்ளிக்கூடத்துக்கு விட்டார்.

இடைவேளை நேரம். நூலகத்தில் பத்துப் பன்னிரண்டு மாணவிகள் வரிசையில் நின்றார்கள். ஆசிரியர் ஒருவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நூலகர் புத்தகத்துக்கு முத்திரை வைத்துக்கொண்டிருந்தார். கர்ட்டன்காரர் மேசை முன்னால் போய் நின்று குரலை உயர்த்தினார்.

"நல்ல வண்டின்னு தலையில கட்டிட்டீங்களே மேடம். பேட்டரி செத்துப்போச்சாம்."

"அப்படியா? எங்ககிட்ட இருந்தவரைக்கும் ஒண்ணுமே..."

"உங்க வீட்டுக்காரருக்குத்தான் கண்ணு தெரியல. உங்களுக்குமா தெரியல?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது பரவியது. ஆசிரியர்கூடச் செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். நூலகர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. கையிலிருந்த முத்திரையைப் புத்தகத்தில் வைத்தார், தேதி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தார், அதை மாணவியிடம் கொடுத்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"வண்டியக் கொண்டாந்து விட்ருங்க. நீங்க குடுத்ததைத் திருப்பிக் குடுத்துடறோம்."

கர்ட்டன்காரர் மார்பை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார். சாயங்காலம் கடையில் அந்தக் காட்சியை மனைவிக்கு நடித்துக் காட்டினார். 'உங்களுக்குமா தெரியல' என்ற இடத்தில் கொஞ்சம் இடைவெளி விட்டார். சிரிப்பு வரவில்லை. மெஷின் நின்றது.

"அத்தனை பேர் முன்னாடியா சொன்னீங்க?" என்றாள் அவள். பிறகு ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினாள். நூல் ஏற்கெனவே கோத்துத்தான் இருந்தது.

வண்டியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் கோளாறை எழுத்தில் வாங்கிவிடலாம் என்று, இந்த மாதிரி வண்டிகளையே பார்க்கிற மெக்கானிக் ஒருவரிடம் போனார். அவர் ஒல்லியாக, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி இருந்தார். வந்ததும் முதல் வேலையாகப் பின்கதவைத் திறந்தார். "இதையெல்லாம் இறக்குங்க" என்றார். துணிக்கட்டுகள் இறங்கின. மெக்கானிக் சீட்டோரத்துச் சல்லடையைக் கழற்றி, உள்ளே கையை விட்டு ஒரு சின்ன விசிறியை வெளியே எடுத்தார். அது விசிறி மாதிரியே இல்லை. கம்பளித் துண்டு ஒன்றைச் சுருட்டி அடைத்தது போல இருந்தது.

"என்ன சார் இது, வண்டிக்குள்ளயே மெத்தை தைக்கிறீங்களா?"

கர்ட்டன்காரர் அதைக் கையில் வாங்கினார். பிசிறும் நூல்தூசியும் அடுக்கடுக்காகப் படிந்திருந்தன. மேலே ஆகாய நீலம். அது பல் டாக்டர் வீட்டுப் படுக்கையறை. அதற்குக் கீழே மெரூன் வெல்வெட். திருமண மண்டபத்து மேடை. அதற்கும் கீழே சந்தன நிறம், பிறகு இலைப்பச்சை. ஒவ்வொன்றும் எந்த ஜன்னல், எந்த மாதம் என்று அவரால் சொல்ல முடிந்தது. அடியில், விசிறியின் இறக்கையை ஒட்டி, வேறொருவருடைய காலத்துச் சாதாரணத் தூசி இம்மியளவுகூட இல்லை.

"வாங்கும்போது யாரும் சொல்லலையா சார்?" என்று கேட்டார் மெக்கானிக்.

கர்ட்டன்காரர் விசிறியை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். காது மடல் இரண்டும் சூடேறியது மட்டும் அவருக்குத் தெரிந்தது. விசிறியைச் சுத்தம் செய்து மாட்டியதும் மஞ்சள் முக்கோணம் அணைந்தது. பேட்டரிக்கு ஒன்றுமில்லை. எடுத்த குப்பையை மெக்கானிக் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, "ஞாபகத்துக்கு வச்சுக்குங்க" என்று டிக்கியில் வைத்தார்.

அன்றே போய்ச் சொல்லியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். நாளைக்குப் போகலாம் என்றிருந்தார். மறுநாள் மழை வந்தது, அதற்கடுத்த நாள் ஒரு அவசர ஆர்டர் வந்தது. காரணத்துக்கா பஞ்சம்? நான்காம் நாள் நூலகரின் கணவர் போன் செய்தார்.

"வண்டி எப்ப கொண்டு வர்றீங்க? இடத்தை ஒழிச்சு வச்சிருக்கோம்."

"வேண்டாம் சார். சரியாயிடுச்சு. ஏதோ சின்னதாப் பாத்தாங்க."

"அப்படியா? நல்லதாப் போச்சு. அவ ராத்திரியெல்லாம் தூங்கறதே இல்லைங்க." அவர் குரல் லேசானது. பிறகு கேட்டார், "அந்தப் பின்சீட்டு ஓட்டையத் தொறந்து பாத்தாங்களா? அதுல தூசி அடைச்சிருந்தாலும் சூடேறும்."

சொல்வதற்கு வாசல் திறந்தே இருந்தது. உள்ளே போக வேண்டியதுதான் பாக்கி.

"பாத்தாங்க சார்" என்றார் கர்ட்டன்காரர். "அதுல ஒண்ணுமில்ல."

"அப்ப நான்தான். ரொம்ப நாள் ஓட்டாம நிறுத்தி வச்சிருந்தேன். அப்படி வச்சா பேட்டரி கெட்டுப்போகும்னு படிச்சிருக்கேன். என் தப்புதான், மன்னிச்சுக்கோங்க."

போனை வைத்த பிறகு கர்ட்டன்காரர் ஒரு ஜன்னல் துணியை வெட்டினார். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு ஜாண் குறைத்து வெட்டிவிட்டார்.

அந்த வாரமே மனைவி டிக்கியில் கத்தரிக்கோலைத் தேடியபோது பை கிடைத்தது. அவள் அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அந்த நிறங்களை அவளுக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, எல்லாம் அவள் தைத்த துணிகள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். போனில் சொன்ன பொய்யையும் சேர்த்துத்தான்.

"அவங்ககிட்டச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிக்கலாம்."

"சொல்லிட்டு வாங்க. அதுக்கப்புறம் நான் அந்த வண்டியில ஏறறேன்."

மறுநாளிலிருந்து அவள் பஸ்ஸில் கடைக்கு வந்தாள். சண்டை இல்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது, துணி நேரத்துக்குத் தைத்தாகியது. பேச்சு மட்டும் 'ம்'முக்கு மேல் வளரவில்லை. காவலாளிகள் இன்னமும் முன்வாசலைத் திறந்துவிட்டார்கள். ஒவ்வொரு சலாமும் அவருக்குக் கன்னத்தில் விழுந்தது போலிருந்தது.

பதினோராம் நாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு போனார். நூலகத்தில் யாருமில்லை, நூலகர் மட்டும் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தார். நல்ல சமயம்தான். ஆனால் திட்டியது கூட்டத்தில், மன்னிப்புக் கேட்பது தனியறையிலா என்று ஒரு எண்ணம் குறுக்கே வந்தது. சத்தம் காட்டாமல் திரும்பிவிட்டார். மறுநாள் இடைவேளை நேரத்துக்குப் போனார். வரிசை நின்றது. அவரும் வரிசையில் நின்றார். முன்னால் நின்ற ஒரு மாணவி அவரை அடையாளம் கண்டு தோழியின் விலாவில் இடித்தாள்.

அவர் முறை வந்தது. நூலகர் நிமிர்ந்தார்.

"மேடம், வண்டியில ஒரு கோளாறும் இல்ல. சார் மூடாதீங்கன்னு சொன்ன ஓட்டைய நான்தான் துணிய அடுக்கி மூடிட்டேன். அன்னிக்கு இதே எடத்துல உங்களையும் சாரையும் கேவலமாப் பேசினேன். தப்பு என்னோடது." கடைசிச் சொல் காற்றாகத்தான் வந்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

நூலகர் முத்திரையைக் கீழே வைத்தார். "எனக்குச் சொன்னது இருக்கட்டும். அவர்கிட்டப் போய்ச் சொல்லுங்க. தன்னாலதான் கெட்டுச்சுன்னு இன்னும் சொல்லிக்கிட்டிருக்கார்."

அங்கிருந்து நேரே அவர்கள் வீட்டுக்குப் போனார். நூலகரின் கணவர் ஜன்னலோரம் வானொலியைச் சின்னதாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் முழுதாகக் கேட்டார். வானொலியை அணைத்தார்.

"ஓட்டைய மூடறது யாருக்கும் நடக்கும்" என்றார். "ஆனா நான் போன்ல கேட்டேனே. ஒண்ணுமில்லன்னீங்களே."

"ஆமா சார். பொய் சொன்னேன்."

"கண்ணு போனதிலேருந்து மத்தவங்க சொல்றத வச்சுத்தான் எனக்கு எல்லாமே." அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, நேர அட்டவணையை வாசிப்பது போலச் சொன்னார். "சரி. போயிட்டு வாங்க."

அவர் எழுந்து வாசல்வரை வரவில்லை. கர்ட்டன்காரர் தானே கதவைச் சாத்திக்கொண்டு வந்தார்.

மனைவி சொன்னபடியே வண்டியில் ஏறினாள். கூரை மேல் கம்பி பொருத்தித் துணிக்கட்டுகளை அங்கே கட்டினார்கள். பின்சீட்டு காலியாக வந்தது. யாரையாவது மடக்கிப் பேச நாக்கு துருதுருத்தால், மெரூன் வெல்வெட்டின் நிறம் நினைவுக்கு வந்து வாய் மூடிக்கொள்ளும். பேசாமலிருப்பவரைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரர்கள் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள். அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் மேடைத்திரை வேலையை வேறொருவருக்குக் கொடுத்தது. அவர் ஏன் என்று கேட்கவில்லை.

ஒருநாள் மத்தியானம், பஸ் நிறுத்தத்தில் நூலகரையும் அவர் கணவரையும் பார்த்தார். கணவர் நூலகரின் முழங்கையைப் பிடித்தபடி நின்றிருந்தார். கர்ட்டன்காரர் வண்டியை அவர்கள் எதிரே ஓசையில்லாமல் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

"எங்க போகணும் மேடம்? நான் விட்டுடறேன்."

"வேண்டாம். பஸ் வந்துடும்" என்றார் நூலகர். முகத்தில் கடுகடுப்பு இல்லை, பழக்கமும் இல்லை.

அவர் கணவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "நம்ம வண்டியா?"

"ஆமா" என்றார் நூலகர்.

"நல்லா ஓடுதா?"

"நல்லா ஓடுது சார்."

அவர் தலையாட்டிவிட்டு, வண்டி நிற்பதாக நினைத்த திசையில் கையை உயர்த்தினார். கர்ட்டன்காரரும் கையை உயர்த்தினார். அது அவருக்குத் தெரியாது என்பது ஒரு கணம் கழித்தே உறைத்தது. "வரேன் சார்" என்று வாயால் சொன்னார். பின்னால் வந்து நின்ற பஸ் அதற்குள் ஹாரன் அடித்துவிட்டது. அவர் வண்டியை நகர்த்தி வழிவிட்டார்.