களிமண்ணில் என் மகள்

என் நோயின் முதல் அறிகுறி அழுகை வராததுதான். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடான கீழச்சிவல்பட்டிக்குப் போயிருந்தேன். பெயர் வைக்கும் முன்பே மகள் ஜன்னி கண்டு இறந்தாள். மார்பில் பால் கட்டி ரவிக்கை நனைந்தது. கண் மட்டும் காய்ந்து கிடந்தது.

பால்குடிப் பிள்ளைக்கு எங்கள் பக்கம் காரியம் எதுவும் கிடையாது. புதைத்துவிட்டு வந்து, “அடுத்தது தங்கும்” என்று சொல்லிவிடுவார்கள். வந்தவர் எல்லாரும் அதையே சொன்னார்கள். ஆறுதலாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அமராவதிபுதூருக்கு, கணவர் வீட்டுக்குத் திரும்பியபின் சோறு இறங்கவில்லை. தூக்கம் போயிற்று, பேச்சும் நின்றது. மந்திரித்துக் கயிறு கட்டிப் பார்த்தும் பலனில்லாமல், கணவர் என்னைக் காரைக்குடிக்கு அழைத்துப் போனார். மதுரையிலிருந்து வாரம் ஒருமுறை அங்கே வரும் பெண் மருத்துவர், இது மனச்சோர்வு (துக்கம் உள்ளேயே தங்கி உடம்பையும் முடக்கிப்போடும் நோய்) என்றார்.

மாத்திரை தந்தார். கூடவே கலைவழிச் சிகிச்சை (சொல்ல முடியாததைப் படம் வரைந்தும் மண் பிசைந்தும் வெளியே கொண்டுவருவது) என்று சொல்லி, ஒரு தட்டில் களிமண்ணை வைத்தார்.

“மண்ணப் பிசையவா இம்புட்டுத் தூரம் வந்தோம்?” என்றார் கணவர்.

“உங்களுக்கு நான் வைத்தியம் பார்க்கலையே. கொஞ்சம் வெளியில இருங்க.”

அந்த மருத்துவரை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

முதலில் உருட்டுவேன், நசுக்குவேன், அவ்வளவுதான். வாரங்கள் போயின. ஒருநாள் விரல்கள் தாமாகவே மகளைச் செய்தன. ஈரத்துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து பக்கத்தில் படுக்கவைத்தேன். அன்று நன்றாகத் தூங்கினேன். காலையில் பசித்தது. பசி எனக்கே அதிசயமாக இருந்தது.

அதைப் பார்த்த மாமியாருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. பிள்ளை வேண்டுவோர் அய்யனார் கோயிலில் மண் குழந்தை வைப்பது எங்கள் வழக்கம். அடுத்த பிள்ளைக்காக நானே நேர்ந்து செய்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். நான் குளித்துவிட்டு வருவதற்குள் அதைக் கொண்டுபோய், மாலை போட்டு வைத்துவிட்டுத் திருநீறோடு வந்து நின்றார்.

“நல்ல காரியம் பண்ணுன ஆத்தா. அய்யனாரு கண்ணத் தொறந்துருவாரு.”

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் மூடிக்கிடந்த வாயை அன்று திறந்தேன்.

“அது நேத்திக்கடன் இல்ல அயித்த, எம் மக! மழையில வச்சுட்டு வந்துட்டீகளே!”

ஓடினேன். சூளையில் சுட்ட பொம்மைகள் வரிசையாக நனைந்துகொண்டு நின்றன. என்னுடையது சுடாத மண். மாலைக்கு அடியில் முகமில்லாத ஒரு குவியல்தான் இருந்தது. அள்ளினேன், விரலிடுக்கில் வழிந்தது.

பின்னாலேயே வந்த மாமியார் சேற்றில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஒருதடவ நான் பாக்க வந்தப்பவும் புள்ள தூங்கிக்கிட்டு இருந்துச்சு. நான் சரியாப் பாக்கலையே ஆத்தா. மூக்கு யாரு சாயல்?”

அவள் பிறந்திருந்தாள் என்பதை ஒப்புக்கொண்டு என்னிடம் ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது.

“உங்க மூக்குதான் அயித்த,” என்றேன்.

அவர் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். பிறகு இருவரும் அழுதோம்.

நோய் சிறுகச் சிறுகத்தான் விட்டது. ஊர்க்கணக்கில் என் மகள் மாசியில் இறந்தாள். என் உடம்பு அவளை விட்டது ஐப்பசியில், அந்த மழையில்தான்.