சோலான்ஜ் போட்ட கூச்சல்

சமையலறையில் தன் கணவர் ஒதிலோனோடு பேசிக்கொண்டிருந்த மேயர் கஸ்பார் வெடித்துச் சிரிப்பது கேட்டதும், ஓய்வுபெற்ற செனட்டர் சோலான்ஜின் நெஞ்சு பற்றி எரிந்தது.

"உங்க வீட்டம்மா செனட்ல ஒரு பேச்சாவது பேசினதுண்டா, ஒதிலோன்? ரயிலடித் தெருவுக்கு எப்படி அவங்க பேரை வைக்கிறது?"

சோலான்ஜ் செனட் நடவடிக்கைக் குறிப்புகளைக் கொண்டுபோய் மேயர் முன்னால் வைத்தாள். "பேச்சைத் தேடாதீங்க. நான் போட்ட கூச்சலைப் படிங்க!"

உறுப்பினர்கள் இருக்கையிலிருந்து கத்துவதையும் அந்தக் குறிப்புகளில் பெயரோடு அச்சிடுவார்கள். ஊர் ரயிலை ரத்து செய்யப்போவதாகப் பேச்சு அடிபட்ட நாட்களில், எந்த அமைச்சர் எதைப் பற்றிப் பேசினாலும் சோலான்ஜ் குறுக்கிட்டிருந்தாள்: 'எங்கள் ஊர் ரயில் என்ன ஆயிற்று?' கடைசியில் ஓர் அமைச்சர், 'அம்மணி, உங்கள் ரயிலை ரத்து செய்யமாட்டோம்!' என்று சரணடைந்திருந்தார். அதற்கடுத்து, 'அவை முழுதும் கைதட்டல்.'

மேயருக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்த ரயில்லதான் மேடம் என் மக தினமும் வேலைக்குப் போறா."

"அப்போ தெருவுக்குப் பேர்?"

"நாளைக்கே பலகை மாட்டறேன்!"

அவர் படியிறங்கியதும் சோலான்ஜ் மகாராணி போல நிமிர்ந்து நின்று கதவைச் சாத்தினாள்.