முளைக்காத வட்டம்

மன்னி செய்த கடைசி மாதிரி வீட்டைப் பற்றி எங்கள் குடும்பத்தில் இன்று பலவிதமாகப் பேசுகிறார்கள். அதில் தண்ணீர் ஊறியது என்கிறார் ஒருவர். வளையலோசை கேட்டது என்கிறார் இன்னொருவர். அப்போது பிறந்தே இராதவர்களும் சாட்சி சொல்கிறார்கள். நடந்தது தன்னளவிலேயே அச்சம் தருவது. அதற்கு மேல் அணி பூட்ட வேண்டியதில்லை. ஆகவே என் கண்ணால் கண்டதையும் என் முன்னிலையில் பேசப்பட்டதையும் மட்டுமே எழுதுகிறேன்.

நாடு விடுதலை பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மைசூரில், தேவராஜ மொஹல்லாவின் ஊதுவத்திக் கடை ஒன்றின் மாடியில், என் அண்ணா கட்டட வரைவு அலுவலகம் நடத்தினார். அரசாங்க வேலையை உதறிவிட்டு வந்தவர். படம் வரைவது என் வேலை. வருகிறவர்கள் பார்ப்பதற்காக முன்னறையில் வைக்கும் மாதிரிகளைச் செய்தவர் அவருடைய மனைவியான மன்னி. வெளியே கொடுத்துச் செய்விக்க எங்களுக்கு வசதியில்லை. கல்யாணப் பத்திரிகை அட்டை சுவராகும். தீக்குச்சி சன்னல் கம்பியாகும். முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் நார் மரமாகும். நவராத்திரிக் கொலுவின் முன்னால் மண் பரப்பிக் கேழ்வரகு தூவி, முளைத்ததும் பூங்கா என்று காட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். மன்னி அதையே மாதிரிகளின் புல்வெளிக்கும் கையாண்டார்.

"இது ஆபீஸா, உன் கொலுப்படியா?" என்று அண்ணா சலித்துக்கொள்வார்.

"ரெண்டும் ஒண்ணுதான்னா. வர்றவா பார்க்கறா, அழகா இருக்குங்கறா, சுண்டலை வாங்கிண்டு போயிடறா. யாராவது வீடு கட்டறாளா?"

அவ்வாறு போய்விடாத ஒருவர் வந்தார். கொள்ளேகாலில் பட்டு வாணிகம் செய்தவர். தம் பரம்பரை நிலத்தில் பெரிய வீடு கட்ட விரும்பினார். அவர் இசைந்தால் அலுவலகம் நிலைக்கும்; இல்லையேல் பழைய வேலையைக் கேட்டுக் கை கட்டி நிற்க வேண்டும். அண்ணா இதை மறைக்கவில்லை. நிலத்தை அளந்தவன் நான். திரும்பும்போது ஒரு சிறு சாக்கில் மண் கொண்டுவந்தேன். அந்தந்த இடத்து மண்ணையே பரப்பினால் நிறம் பொருந்தும், செலவும் இல்லை என்பது மன்னியின் கணக்கு. மண்ணை எடுத்த இடம் நிலத்து வாயிலின் ஓரம். மன்னி அதைச் சலித்து, நன்றாகக் கலந்து பலகையில் பரப்பினார்.

கேழ்வரகு முளைத்தது. வீட்டின் முன்புறத்தில் வளையல் அளவான ஒரு வட்டம் மட்டும் வெறுமையாக நின்றது. மறுபடி விதைத்தார், முளைக்கவில்லை. மண்ணைச் சுரண்டி, அதே சாக்கிலிருந்து புதுமண் இட்டார், அப்போதும் இல்லை. முளைகள் வெளிச்சத்தை நாடுபவை. அவையெல்லாம் சன்னல் பக்கமே சாய்ந்திருந்தன. வட்டத்தின் விளிம்பில் இருந்தவை மட்டும் உள்நோக்கிக் குனிந்திருந்தன, எதையோ எட்டிப் பார்ப்பவர்களைப் போல. பலகையைத் திருப்பி வைத்தோம். மற்றவை மெல்லத் திரும்பின. அவை திரும்பவில்லை.

அதன்பின் மன்னி கேலி பேசவில்லை. பட்டு வாணிகர் வரும் நாளில் வட்டத்தை மறைக்கச் சொன்னார் அண்ணா. "எனக்குக் கை வரலை" என்றார் மன்னி. அண்ணாவே காகிதத்தில் ஒரு பூப்பாத்தி செய்து அதன்மேல் வைத்தார்.

வாணிகர் தம் தாயாரையும் அழைத்து வந்திருந்தார். "அம்மா, நம்ம வூட்டப் பாருங்க. காரு நிக்கறதுக்குக் கூட எடம் வெச்சிருக்காங்க!" அந்த அம்மாள் வீட்டைப் பார்க்கவில்லை. குனிந்திருந்த முளைகளையே பார்த்தார். பிறகு சுட்டுவிரலால் பூப்பாத்தியை நகர்த்தினார்.

"இத ஆருங்க உங்களுக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லலைம்மா" என்றார் மன்னி. "அங்கே முளைக்கலை, அவ்வளவுதான்."

"முளைக்காதுங்க."

மகன் விழித்தார். "என்னம்மா அங்க?"

"கெணறு. நீ பொறக்கறதுக்கு முன்னாலயே உங்கப்பாரு மூடிட்டாரு."

அண்ணா வரைபடத்தை விரித்தார். "கிணறுதானேம்மா? வீட்டைப் பின்னாலே தள்ளிக் கட்டிடலாம்."

"கட்டலாமுங்க. சன்னல எந்தப் பக்கம் வெச்சாலும் அதைத்தான பாக்கோணும்?"

மகன் வரைபடத்தைச் சுருட்டி மேசைமேல் வைத்தார். அதை அவர் எடுத்துச் செல்லவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் அண்ணா அரசாங்க வேலைக்குத் திரும்பினார். மாடியறைக்கு ஒரு தையற்காரர் குடிவந்தார்.

அறையை ஒழித்துக் கொடுக்கும்போது மண்ணைத் தெருவில் கொட்ட மன்னி இசையவில்லை. "எடுத்த இடத்துலேயே போட்டுட்டு வந்துடுப்பா" என்று என்னிடம் சாக்கைக் கொடுத்தார். பேருந்தில் கொள்ளேகால் போனேன். வருவதாக நான் யாருக்கும் தெரிவிக்கவில்லை. நிலத்து வாயிலில் அந்த அம்மாள் நின்றிருந்தார்.

"கொண்டாந்துட்டீங்களா?"

முந்தானையை விரித்து ஏந்தினார். என்னால் இயன்றவரை மெதுவாகச் சரித்தேன். அதைச் சுமந்துகொண்டு, மேடுபள்ளமின்றிக் கிடந்த தரையில், மாதிரியில் வட்டம் இருந்த அதே இடத்துக்கு நடந்து சென்று அமர்ந்தார். மண்ணைக் கொட்டவில்லை. மடியை இரு கைகளாலும் தாங்கியபடி இருந்தார். நான் பேருந்துக்குப் புறப்படும்வரை எழவில்லை.

அந்தக் கிணறு எதனால் மூடப்பட்டது என்று எனக்குத் தெரியாது. பின்னாளில் கேட்டபோது, தமக்கும் தெரியாது என்றார் அந்த அம்மாளின் மகன். வாயிலோரத்து மண் கிணற்றின் இடத்தை எவ்வாறு காட்டியது என்பதும் தெரியாது.