அளவெடுக்காமல் போட்ட ஷவர்

அத்தைக்குக் குழந்தையிலேயே போலியோ வந்து இரண்டு கால்களும் விளங்காமல் போயின. ராயபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் தரையில் உட்கார்ந்து, கை மெஷினில் ஜாக்கெட் தைப்பார். அளவு கொடுக்க வரும் பெண்கள் காலையிலிருந்து இரவு வரை அவரைச் சுற்றி இருப்பார்கள். குளியல் மட்டும் அம்மா பொறுப்பு. அம்மாவுக்கு எப்போதும் அவசரம்.

"இன்னா அண்ணி, நான் சட்டியா பானையா? இப்புடித் தேய்க்கிற! நானே குளிக்கணும்!" என்று ஒருநாள் அத்தை சோப்பு நுரைக்குள்ளிருந்து கத்தினார்.

அத்தையின் தம்பி, என் சித்தப்பா, காசிமேட்டில் மீன்பிடிப் படகுகளுக்கு வெல்டிங் வைப்பவர். மறுநாளே இரும்போடு வந்துவிட்டார். குளியலறை வாசற்படியை இடித்தார். சுவரில் நாற்காலி ஒன்றையும் கைப்பிடிகளையும் பற்றவைத்த கம்பிகளால் இறுக்கினார். படகே கவிழ்ந்தாலும் அந்த நாற்காலி கவிழாது என்றார். மேலே ஒரு ஷவர், அதன் பக்கத்திலேயே அதைத் திறக்கும் குழாய். மொட்டைமாடி டிரம்முக்கு லாரித் தண்ணீரைக் குடம் குடமாக ஏற்றினோம்.

முதல் நாள் அம்மா அத்தையை உட்காரவைத்து, குழாயைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக மீன் வாங்கப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து சத்தம். "டேய், குழாய மூடணும்டா! எட்ல!"

கதவுக்கு வெளியே இருந்த சித்தப்பா எதிர்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். "நல்லா எட்டிப் புடி அக்கா!"

"எழுந்து நின்னா எட்டும்டா, அறிவுகெட்டவனே! காலு வாங்கிக் குடு!"

சித்தப்பா என்னை உள்ளே தள்ளினார். கண்களை இறுக மூடிக்கொண்டு போனேன். எனக்கும் எட்டவில்லை. சர்ச்சுக்குப் போட்டிருந்த பாவாடை நனைய, தெருமுனை மீன்காரி வரை ஓடினேன். அம்மா வருவதற்குள் டிரம் காலி.

அத்தை நைட்டி மாட்டிக்கொண்டு வந்ததும் விசாரணை தொடங்கியது.

"யாரு அளவுக்குடா போட்ட?"

"என் அளவுக்குத்தான்க்கா. நின்னு பாத்துப் போட்டேன்."

"தெருவே எங்கிட்ட அளவு குடுக்குது. நீ இன்னாத்துக்குடா என் அளவ எடுக்கல?"

"குளிக்கிற சமாச்சாரம்... அக்காகிட்ட எப்புடிக் கேக்கறது?"

அத்தை டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மறுபடி அந்த நாற்காலியில் ஏறினார். கையை நீட்டி, எட்டிய இடத்திலெல்லாம் தையல் சாக்பீஸால் குறி போட்டார். குழாய்க்கு ஒன்று, சோப்புக்கு ஒன்று, தாழ்ப்பாளுக்கு ஒன்று. சித்தப்பா எல்லாவற்றையும் கழற்றி அந்தக் குறிகளுக்கு இறக்கினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை தனியாக உள்ளே போய்த் தாழிட்டார். தண்ணீர் விழுந்தது, பிறகு நின்றது. கதவு திறக்கவில்லை. குளியல் ஒரு நிமிடம் நீண்டாலும் திட்டும் அம்மா, குனிந்த தலை நிமிராமல் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

நான் கதவைத் தட்டினேன். "அத்தை, குளிச்சாச்சா?"

"ஆச்சு."

"அப்புறம் இன்னா பண்ற?"

"ஒண்ணுமில்ல. சும்மா குந்திகினு கீறேன்."

முன்னறையில் ஃபேன் ஓடுகிறது, பாய் விரித்திருக்கிறது, நாலு பேர் பேச்சுத் துணைக்குக் காத்திருக்கிறார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு யாராவது ஈர நாற்காலியில் சும்மா உட்காருவார்களா? அத்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.