புழுவுக்குப் படகு விட்டவன்

மோட்டார் வண்டி ஒன்று போனால் சிராங்கூன் ரோடே வேடிக்கை பார்க்க ஓடிவந்த காலம். அங்கே நான் மூன்று மாடு வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தேன். புல்லறுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். வேறு யாரும் சொல்லாததால் நானே சொல்லவேண்டியிருந்தது.

கொட்டகைக்குப் பின்னால் ஒரு குளம், கரையெல்லாம் முழங்காலளவு புல். அறுத்த கட்டு வாடாமலிருக்கக் குளத்தில் ஒரு முக்கு முக்கி, சொட்டச் சொட்டக் கொண்டுவந்து போடுவேன். பால்காரர்கள் பலருக்கும் அதுதான் வழக்கம். கொட்டகை கழுவிய சாணித் தண்ணீரும் அதே குளத்துக்குத்தான் போகும்.

சினையாயிருந்த என் செவலைப் பசுவுக்குத் திடீரென்று தாடைக்குக் கீழே பை மாதிரி தொங்கியது. "நம்ம புல்லு செய்ற வேலை, கழுத்துல சதை போடுது" என்று பக்கத்துக் கொட்டகையில் பெருமையடித்தேன். சில நாளில் விலா எலும்பை எண்ணலாம் போலாயிற்று. பசுவோடு கன்றும் போய்விடுமோ?

பக்கத்துத் தேக்கா சந்தையில் மாட்டிறைச்சிக் கடை வைத்திருந்த பாய் எனக்கு நல்ல பழக்கம். மாட்டின் உள்ளே இருப்பதை அவரைவிட அதிகம் பார்த்தவர் யார்? கூட்டிவந்தேன். கசாப்புக்காரரைக் கொட்டகைக்கு விருந்தாளியாக அழைத்த பால்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மூன்று மாடும் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

பாய் தாடையை அமுக்கினார். பள்ளம் விழுந்தது.

"சதையில்ல அண்ணே, நீர். ஈரல்ல புழு இருக்கும். இப்படித் தாடை தொங்குன மாட்டோட ஈரலை அறுத்தா, இலை மாதிரி தட்டையா நெளியும். மாடு வெட்டுற இடத்துக்கு வர்ற வெள்ளைக்கார டாக்டர் விளக்கிச் சொல்லியிருக்கார்."

"ஈரலுக்கு எப்படிப் போச்சு?"

அவர் பின்னால் போய்க் குளத்துக் கரையோரம் குனிந்து, நகமளவு நத்தை ஒன்றை எடுத்தார். "சாணியில புழுவோட முட்டை. தண்ணியில பொரிச்சு இதுக்குள்ள குடியேறும். உள்ளேயே பெருகி, வெளிய வந்து புல்லுல ஒட்டிக்கும். மாடு தின்னா நேரா ஈரல்தான்."

"சாணிய நான் குளத்துக்கு அனுப்புறேன், புல்லை அங்கேருந்து கொண்டாரேன்..."

"புழுவுக்குப் போக வரப் படகு விட்டிருக்கீங்க லா!"

"பிழைக்குமா பாய்?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். "உள்ள போனதுக்கு என்கிட்ட மருந்தில்ல. புதுசா போகாம பாத்துக்குங்க. தாங்குனாலும் தாங்கும்."

அன்றிலிருந்து மேட்டுப் புல்தான். அதையும் நன்றாகக் காயவைத்தேன். புல் வாடினால் மானம் போகும் என்றிருந்தவன், வாடமாட்டேன் என்கிறதே என்று மழை மேகத்தை முறைத்துக்கொண்டு நின்றேன். சாணிக்குக் குழி வெட்டினேன். காய்கறித் தோட்டத்துச் சீனரிடம் கெஞ்சி, அவருடைய வாத்துகளைக் குளத்தில் இறக்கினேன். அவை நத்தையை விழுங்க விழுங்க, பந்தி விசாரிக்கிற கல்யாண வீட்டுக்காரன் மாதிரி கூடவே நடந்து பார்த்தேன்.

ஒரு மாதம் தாடை வீக்கம் அப்படியே இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. செவலை கன்று ஈன்றது. நோஞ்சான் கன்றுதான், ஆனாலும் எழுந்து நின்று மடியை முட்டியது.

பார்க்க வந்த பாயின் கையைச் செவலை நக்கியது. நான் கையை நீட்டினேன். கவனமாக மோந்து பார்த்தது. குளத்து ஈரம் இருக்கிறதா என்று பார்த்திருக்கும். இல்லையென்று தெரிந்த பிறகுதான் நக்கியது.