நல்லவேளை, நாங்கள் போகவில்லை

பள்ளி விடுமுறைக்கு அமராவதி அணைக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கத் திட்டமிட்டோம். தண்ணீரை ஒட்டி இடம் பிடித்துவைக்க, எங்கள் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பீகார்க்காரன் முகேஷை முதல் நாளே கூடாரத்தோடு அனுப்பினோம். அவனுக்கும் ஒரு சுற்றுலாதானே!

மறுநாள் காலை நாங்கள் கிளம்பும்போது போன் செய்து அழுதான்.

"சார், வாசல்ல பெரிய முதலை! நான் உள்ள இருக்கேன்!"

"டேய், கூடாரத்தைக் கிழிச்சிருச்சா?" என்று பதறினார் என் கணவர்.

நான் மகளைக் கட்டிக்கொண்டு, "நல்லவேளைங்க, நம்ம கொழந்தைக போகலீங்க" என்றேன்.

மீனவர்கள் முதலையை விரட்டி அவனை மீட்டார்கள். கூடாரத்தை அங்கேயே போட்டுவிட்டு, சொல்லாமல்கூட ஊருக்கு ரயிலேறிவிட்டான்.

இப்போதெல்லாம் எங்கே போனாலும், முதலில் இரண்டு பேரை அனுப்பித் தங்கவைத்துவிடுகிறோம். குழந்தைகள் உயிர் விஷயமாயிற்றே!